கேளாத வழக்கு, எடுத்த அரிவாள்

1952 தீபாவளிக்கு மதுரை தங்கம் தியேட்டரில் முதல் படமாக 'பராசக்தி' ஓடியது. 2,500-க்கு மேல் இருக்கைகள் கொண்ட அந்தக் கொட்டகையை ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம். அவ்வளவு பெரிய திரையில் மதுரை முதன்முதலாகப் பார்த்த நாயகன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன். தங்கையிடம் தகாதபடி நடக்கப் பார்த்த பூசாரியைத் தாக்கிவிட்டு நீதிமன்றத்துக்கு வந்தவன். தாக்கும் காட்சி கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறது. கூண்டுப் பேச்சுதான் நீள்கிறது. மக்கள் மனப்பாடம் செய்ததும், இசைத்தட்டாக வாங்கிக் கேட்டதும், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பிள்ளைகளைப் பேசவைத்ததும் அந்தப் பேச்சைத்தான். பழிவாங்கும் கதையில் மதுரைப் பக்கத்து ரசிகர் யாருக்காக இரக்கப்படுகிறார் என்று கேட்டால், இதை முதல் சாட்சியாக நிறுத்தலாம். வெட்டு விழும்போது கொட்டகையில் விசில் பறக்கலாம். ஆனால் அந்த விசிலுக்கு உரிமை வாங்கித் தருவது வெட்டுக்கு முந்தைய காட்சி. அங்கே ஒருவன் தன் வழக்கைச் சொல்ல வருகிறான், கேட்க ஆளில்லை. கேளாமல் விட்ட அந்த வழக்கின்மீதுதான் இந்த ஊர் இரக்கம் வைத்திருக்கிறது என்பதே என் வாதம். அந்த இரக்கம் யார் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதற்கு மூலக்கதை சினிமாவுக்கு மிக முந்தியது. சிலப்பதிகாரத்தைப் பழிவாங்கும் கதையாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கண்ணகி நேரே தீயை எடுக்கவில்லை. முதலில் அரண்மனை வாயிலுக்குப் போகிறாள், வழக்குரைக்கிறாள், சான்று காட்டுகிறாள். கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று உடைத்துக் காட்டுகிற அந்த இடம் இந்த ஊரின் முதல் நீதிமன்றக் காட்சி. பாண்டியன் செய்த பிழையும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான்: பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான், கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விடுகிறான். கணக்குப் பார்த்தால் நீதி அங்கேயே கிடைத்துவிட்டது. ஊர் எரிவது அதற்குப் பிறகு. அந்த எரிப்பில் இளங்கோவுக்கே ஒரு தயக்கம் இருந்திருக்க வேண்டும். அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகளை விட்டுவிடும்படி கண்ணகி தீக்குச் சொல்வதும், மதுராபதித் தெய்வம் நேரில் வந்து முற்பிறப்புக் கதையைச் சொல்லி அவளைத் தணிப்பதும் அந்தத் தயக்கத்தின் அடையாளங்கள். முற்பிறப்பில் கோவலன் பொய்க்குற்றம் சாட்டி ஒரு வணிகனைக் கொல்லவைத்தான், அவன் மனைவி நீலியின் சாபமே இன்று பலித்தது என்கிறது காப்பியம். ஆக, கண்ணகியின் பழிக்கு முன்னே இன்னொரு பெண்ணின் பழி நிற்கிறது. இதைவிடக் கடுமையான செய்தி பின்னால் வருகிறது. கண்ணகியின் சினம் தணிய, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலிகொடுத்தான். ஒருவன் செய்த பொய்க்கு அவன் குலத்தைச் சேர்ந்த ஆயிரம் பேர் மாண்டார்கள். பழி எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதைக் காப்பியம் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. நாம்தான் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகிறோம்.

ஊர் தன் பங்குக்கு வேறொன்று செய்தது. சிம்மக்கல் பக்கம் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகியை வணங்குகிறது. ஊருக்கு வெளியே பாண்டி கோயிலில் இருக்கும் முனீஸ்வரரை, அநீதியாகத் தீர்ப்புச் சொன்ன அதே பாண்டியன் நெடுஞ்செழியன் என்று நம்பிக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறது. வழக்குக்கு வந்தவளும் பிழையாகத் தீர்ப்புச் சொன்னவனும் இங்கே தெய்வங்கள். மதுரை வீரன் கதையும் இந்த வரிசையில் சேர்கிறது. அருந்ததியர் குடும்பத்தில் வளர்ந்து, பொம்மியை மணந்து, அழகர் மலைப் பக்கத்துக் கள்ளர்களை அடக்கிய அந்த வீரனை, வெள்ளையம்மாளை முன்னிட்டு மாறுகால் மாறுகை வாங்கித் தண்டித்தார்கள் என்கிறது கதைப்பாடல். அவனுக்காக யாரும் பழிவாங்கவில்லை. அவசரப்பட்டுத் தண்டித்துவிட்டோம் என்ற குற்றவுணர்வே மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு அருகே அவனுக்கு இடம் கொடுத்தது. 1956-இல் டி. யோகானந்த் இயக்கத்தில், கண்ணதாசன் வசனத்தில், எம்.ஜி.ஆர். அந்த வேடத்தில் நடித்தார். தங்கள் நாயகன் சாவதைத் தாங்காதவர்கள் என்று பெயர் வாங்கிய எம்.ஜி.ஆர். ரசிகர்கள், அவர் கைகால் இழந்து சாகும் படத்தைப் பெரும் வெற்றியாக்கினார்கள். இரக்கம் பிறக்க வெற்றி தேவையில்லை, விசாரணையில்லாத தண்டனை ஒன்று போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. நாயகனுக்கு அரச குலத்துப் பிறப்பைக் கொடுத்தே இரக்கத்தை வாங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அருந்ததியர் வீட்டுப் பிள்ளையாகவே பிறந்து வளர்ந்தவன் என்று சொல்லியிருந்தால் அதே கண்ணீர் வந்திருக்குமா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

காப்பியமும் கதைப்பாடலும் மட்டும் இந்த மனநிலையை உண்டாக்கிவிடவில்லை. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வரையும் அதற்கு அப்பாலும் பரந்த புஞ்சைக்காட்டு ஊர்களில் நீதி எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். காவல்காரருக்கு அறுப்பில் ஒரு பங்கு; மாடு களவுபோனால் அவர் மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். துப்புச் சொல்லி மாட்டை மீட்க வாங்கும் பணம் துப்புக்கூலி. களவும் காவலும் ஒரே கையில் இருந்ததால் இந்த ஏற்பாடு குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்ததும் உண்டு. 1896-இல் திண்டுக்கல் பக்கம் ஊர் ஊராகப் 'பண்டு' சேர்த்து, கள்ளர் காவல் வேண்டாம் என்று மக்கள் கிளர்ந்ததை மறைத்துக் காவலைப் புனிதமாக்க நான் தயாராக இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக வந்த வெள்ளைக்காரச் சட்டம் என்ன செய்தது? 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிச் சட்டத்தின்கீழ் பிறமலைக் கள்ளர்களிடம் ஊர் ஊராகக் கைரேகை எடுத்தது. அதனால்தான் அதற்கு இந்தப் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றே பெயர். களவு செய்தவனைப் பிடிக்கும் சட்டமாக அது இல்லை, களவு செய்யக்கூடியவன் என்று பிறப்பைக் கொண்டே முடிவுகட்டும் சட்டமாக இருந்தது. பதிவில் பெயர் ஏறிய ஆண்கள் இராத்திரியில் சொந்த வீட்டில் படுக்க முடியாது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. 'பராசக்தி' தங்கம் தியேட்டருக்கு வந்தது அதற்கு ஐந்தே ஆண்டுகள் கழித்து. ரேகை வைத்த தலைமுறை அந்தக் கொட்டகைத் தரை டிக்கெட்டிலும் உட்கார்ந்திருக்கும். கூண்டில் நின்று ஒருவன் எதிர்த்துப் பேசியதை அவர்கள் வெறும் வசனமாகக் கேட்டிருக்க முடியாது.

நீதிமன்றத்தை நம்பாதவர்கள் எங்கே போனார்கள் என்பதை அழகர்கோவிலில் இன்றும் பார்க்கலாம். பதினெட்டாம்படிக் கருப்புக்குச் சிலை இல்லை. சாத்தியிருக்கும் பெரிய மரக்கதவுதான் சாமி. அதன்மேல் சந்தனம் அப்பியிருக்கும், மாலை தொங்கும். கடன் தகராறு, களவு, வரப்புச் சண்டை என்று வருகிறவர்கள் அந்தக் கதவின் முன் சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்கிறார்கள். பொய்ச்சத்தியம் செய்தவனைக் கருப்பு பார்த்துக்கொள்வார். இந்த ஏற்பாட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது தண்டனை அல்ல. இரண்டு தரப்பும் அங்கே வாய் திறந்து சொல்லியாக வேண்டும் என்பதே. சட்டத்தின் கதவு அவ்வளவு அருகில் இருந்ததில்லை. மேல்முறையீடு என்றால் 450 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குப் போக வேண்டும் என்ற நிலை, 2004 ஜூலை 24 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கும்வரை நீடித்தது.

சட்டத்தைக் கையிலெடுக்கும் நாயகனை மதுரைக்காரர் ஒருவரே தமிழகம் முழுதும் கொண்டுபோனார். ரைஸ்மில் குடும்பத்துப் பிள்ளையான விஜயகாந்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1981-இல் எஸ்.ஏ. சந்திரசேகரன் இயக்கிய 'சட்டம் ஒரு இருட்டறை'. குடும்பத்தைக் கொன்ற மூவரைத் தேடிப் பழிவாங்கும் தம்பி, சட்டத்தை நம்பும் போலீஸ் அதிகாரியான அக்கா என்று வீட்டுக்குள்ளேயே வழக்கு நடக்கும் படம் அது. இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு, சார்லஸ் பிரான்சன் நடித்த 'டெத் விஷ்' படத்தின் நகல்கள் என்று சொல்பவர்கள் உண்டு. 1985-இல் ரஜினிகாந்த் நடித்த 'நான் சிகப்பு மனிதன்' வரையில் அந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் 1974-இல் வந்த அந்த அமெரிக்கப் படத்தின் நாயகன் வசதியான கட்டடக் கலைஞன். மனைவியைக் கொன்றவர்களை அவன் கடைசிவரை கண்டுபிடிப்பதில்லை. இராத்திரித் தெருவில் வழிப்பறிக்கு வருகிற வேறு யார் யாரையோ சுட்டுக்கொண்டு போகிறான். நகரத்து ஏழையைக் கண்டு வசதிபடைத்தவனுக்கு வந்த பயம் அது. நம்மூர்ப் படத்தில் கோபம் கீழேயிருந்து மேலே போகிறது. எதிரிக்குப் பெயரும் முகவரியும் பங்களாவும் இருக்கின்றன. எண்பதுகளின் நடுவில் மதுரை ஏழைத் தெருக்களில் தங்கிச் சினிமா பார்ப்பவர்களையும் ரசிகர் மன்றங்களையும் ஆராய்ந்த மானுடவியலாளர் சாரா டிக்கி, 1993-இல் வெளியிட்ட நூலில், படங்கள் அவர்களுக்கு வெறும் தப்பித்தல் அல்ல, அன்றாட வாழ்வின் கவலைகளை எடுத்துக்கொண்டு அவற்றுக்கு ஒரு தீர்வைக் காட்டுபவை என்று எழுதினார். திரை நாயகன்மேல் வைத்த இரக்கம் ஓட்டாகவும் மாறியது. விஜயகாந்த் 2005 செப்டம்பரில் கட்சி தொடங்க மதுரையைத்தான் தேர்ந்தெடுத்தார்.

2004 முதல் வந்த மதுரைப் படங்களைப் பற்றித்தான் அதிகமான புகார்கள். அரிவாளைக் கொண்டாடுகின்றன, சாதியைத் தூக்கிப் பிடிக்கின்றன, ஊர்ப் பெயரைக் கெடுக்கின்றன என்கிறார்கள். 'சண்டியர்' என்று பெயர் வைத்ததற்கு எதிர்ப்பு வந்து 'விருமாண்டி' ஆன படத்திலிருந்து இந்தப் புகார் தொடர்கிறது. அந்தப் படத்தின் கட்டமைப்பைக் கவனியுங்கள். மரண தண்டனைக்கு எதிரான ஒரு பெண் காமிராவுடன் சிறைக்குள் வருகிறாள். முதலில் கைதி கொத்தாளத் தேவர் தன் தரப்பைச் சொல்கிறார், நாம் நம்பிவிடுகிறோம். பிறகு தூக்குக்குக் காத்திருக்கும் விருமாண்டி சொல்கிறான், நாம் நம் தீர்ப்பை மாற்றிக்கொள்கிறோம். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன பாண்டியனின் ஆசனத்தில் நம்மையே உட்காரவைக்கிற படம் அது. 2008-இல் வந்த சசிகுமாரின் 'சுப்பிரமணியபுரம்' இன்னும் நுட்பமானது. அரசியல்வாதிக்காகக் கொலை செய்துவிட்டுச் சிறைக்குப் போகும் இளைஞர்களை, ஏவியவர்கள் ஜாமீனில்கூட எடுப்பதில்லை. அவர்கள்மீது நமக்கு இரக்கம் வருவது ஆள் வராத அந்தச் சிறை நாட்களில்தான். பிறகு நடப்பதையெல்லாம் படம் அவர்களுக்குச் சாதகமாக விட்டுவிடவில்லை. காதலி, நண்பன் என்று ஒவ்வொருவராகக் காட்டிக்கொடுக்கிறார்கள். 28 ஆண்டுகள் கழித்துச் சிறை வாசலில் இன்னொரு கத்தி காத்திருக்கிறது. வெற்றிமாறனின் 'ஆடுகளம்' 2011-இல் அடுத்த அடியை வைத்தது. சேவல் சண்டையில் தன்னை மிஞ்சிய சீடனை வஞ்சிக்கும் பேட்டைக்காரர், சூது அம்பலமானதும் தன்னையே மாய்த்துக்கொள்கிறார். சீடன் கருப்பு பழிவாங்கவில்லை, தன் நியாயத்தை ஊருக்கு நிரூபிக்கவும் நிற்கவில்லை. காதலியோடு ஊரைவிட்டே போகிறான். அரிவாளைக் கொண்டாடுகிறவர்கள் எடுக்கும் முடிவா அது? இந்திச் சினிமாவில் அனுராக் காஷ்யப் தன் 'கேங்ஸ் ஆஃப் வாஸேப்பூர்' படத்தில் பாலா, அமீர், சசிகுமார் மூவரையும் மதுரை மும்மூர்த்திகள் என்று சொல்லி நன்றி தெரிவித்தது, வெறும் இரத்தத்துக்காக இருந்திருக்காது.

ஆனாலும் புகாரில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளாமல் என் வாதத்தை முடிக்க முடியாது. 'சுப்பிரமணியபுரம்' பார்த்தவர்கள் அழகரையும் பரமனையும் மறக்கமாட்டார்கள். அவர்கள் முதலில் வெட்டிக் கொல்லும் மனிதரின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? அவர் குடும்பம் எங்கே போனது? அவர் வழக்கை யார் கேட்டார்கள்? கேளாத வழக்கின்மீது இரக்கம் கொள்ளும் சினிமா, தானே ஒரு வழக்கைக் கேட்காமல் விட்டுவிடுகிறது. பின்னால் வந்த நகல்களில் இது இன்னும் மோசமானது. மதுரை, வேட்டி, திருவிழா, அரிவாள் என்று நான்கைச் சேர்த்துவிட்டால் போதும் என்று எடுத்த படங்களில் அநீதி என்ன என்பதே தெரியாது, கோபம் மட்டும் இருக்கும். 'தேவர் மகன்' படம் கடைசியில் அரிவாளைக் கீழே போடச் சொன்னது, பிள்ளைகளைப் படிக்கவைக்கச் சொன்னது. ஆனால் ஊர்வலங்களில் ஒலித்தது அந்த அறிவுரை அல்ல, அதன் பாட்டு. படம் வன்முறையை உண்டாக்குகிறது என்று நான் சொல்லமாட்டேன். ரேகைச் சட்டத்துக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் படம் தேவைப்படவில்லை. ஆனால் யாருடைய கோபம் நியாயமானது, யாருடைய சாவு வழியில் கிடக்கும் கல் என்பதைப் பார்வையாளருக்குக் கற்றுக்கொடுப்பது படம்தான். அந்தப் பொறுப்பிலிருந்து எந்த இயக்குநரும் தப்ப முடியாது. மதுரை வீரனுக்கு அரச குலத்துப் பிறப்பு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியும் இங்கேதான் வந்து நிற்கிறது.

ஏனென்றால் இந்த மண்ணில் நடந்த பழிவாங்கல்களில் பல, நீதி கிடைக்காதவன் மேலே பார்த்து ஓங்கிய கை அல்ல. மேலே இருந்தவன் கீழே பார்த்து ஓங்கிய கை. மேலூர் வட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட்டவர்களை மிரட்டினார்கள், தேர்தலை நடக்கவிடாமல் கலைத்தார்கள். கடைசியில் முருகேசன் தலைவரானார். அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் அதே ஒதுக்கீட்டை ஏற்க மறுத்து 2006 வரை யாரையும் தலைவராக நிலைக்கவிடவில்லை. முருகேசன் செய்ததெல்லாம் அதிகாரிகளிடம் முறையிட்டது. 1997 ஜூன் 30 அன்று மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பும் வழியில், பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். சிலம்பை எடுத்துக்கொண்டு அரண்மனை வாயிலுக்குப் போனவளின் வழியைத்தான் அவர் எடுத்திருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எடுத்ததும் அதே வழிதான். யாரும் அரிவாளோடு பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கவில்லை. வழக்கு மதுரையை விட்டுச் சேலத்துக்குப் போனது, அங்கே போனார்கள். சாட்சி சொன்னார்கள். 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது. உயர்நீதிமன்றமும், 2009-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தன. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தப் பொறுமையில் ஒரு பெரிய படத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. பழிவாங்கும் நாயகனுக்கு இத்தனை இரக்கத்தைக் கொட்டிய நம் சினிமா, பழிவாங்காமல் வழக்கு நடத்தியவர்களுக்குத் தன் பெரிய திரையைக் கொடுத்திருக்க வேண்டும்.

தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அதை எதிர்த்தவர்கள் மறுபடியும் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30 அன்று அந்த ஊர் நினைவிடத்தில் மாலை போடுகிறார்கள்.